பெரிய மனிதர்கள் யார் பக்கம் நின்றார்கள்?

(கல்முனையில் நடைபெற்ற தொழிலாளர் குடும்ப ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

தலைவர் அவர்களே, தோழர்களே, மலையிலிருந்து இறங்கி வந்து இந்தக் கரையோர ஊர்களில் கடைகளிலும் களஞ்சியங்களிலும் வேலை செய்யும் தம்பிமாரே, ஹிங்குராணைப் பக்கம் கரும்பு வெட்டுக்குப் போகும் சகோதரர்களே, விடுமுறைக்கு வீடு வந்திருக்கும் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே!

எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு ‘ஆங்கிலேயப் பெரியார்களின் வாழ்வும் பணியும்’. தொழிற்சங்கக் கூட்டத்தில் இது எதற்கு என்று சிலர் யோசிப்பீர்கள். காரணம் இருக்கிறது. நாங்கள் தோட்டப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறோம். தேசாதிபதிமாரின் பெயர் வருகிறது, ஆண்டு வருகிறது, அவர்கள் போட்ட தெருவும் கட்டிய பாலமும் வருகிறது. பிள்ளைகள் பாடமாக்கி எழுதிப் புள்ளி எடுக்கிறார்கள். அந்தத் தெருவுக்குக் கல் உடைத்தது யார், அந்தத் துரை வைத்த கையெழுத்தால் எங்கள் பாட்டன் பூட்டனுக்கு என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. இன்றைக்கு அந்தக் கேள்வியோடு சில ஆங்கிலேயரைப் பார்ப்போம்.

முதலாமவர் இந்த மண்ணோடு சம்பந்தப்பட்டவர். சேர் ஹென்றி வார்ட். 1855 முதல் 1860 வரை இலங்கையின் தேசாதிபதி. கொழும்பில் வார்ட் பிளேஸ் என்ற தெரு இவர் பெயரில்தான் இருக்கிறது. இவருடைய காலத்தில்தான் இறக்காமம் குளமும் அம்பாறைக் குளமும் திருத்தப்பட்டன. 1856இல் நீர்ப்பாசனச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார். வெள்ளாமைக்காரர் தங்களுக்குள் பழைய காலத்திலிருந்து வைத்திருந்த தண்ணீர் வழக்கங்களுக்கு அந்தச் சட்டம் பலம் கொடுத்தது. இந்தக் கரையில் வட்டவிதானை என்றால் என்ன என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியான ஊர் வழக்கத்தை அரசாங்கம் மதித்து எழுத்தில் வைத்த காலம் அது. இந்தப் பக்கத்து நெல்வயல்களுக்கு அவர் செய்தது நல்ல காரியம்தான். அதை மறைக்கத் தேவையில்லை.

அதே வார்ட் இங்கே வருவதற்கு முன் கிரேக்கத்தின் அயோனியன் தீவுகளை ஆண்டார். 1849இல் கெபலோனியாத் தீவில் ஜனங்கள் கிளர்ந்தெழுந்தபோது தூக்கும் சவுக்கும் கொண்டு அடக்கினார். இலங்கைக்கு வந்த பிறகு கண்டிக்கு ரயில் பாதை போடத் தொடங்கினார். அது ஊர் ஜனங்கள் உலாப் போவதற்காக அல்ல, கோப்பிக் கொட்டையைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக. குளம் கட்டியவரும் தூக்குப் போட்டவரும் ஒரே ஆள். ஒரு மனிதரைப் பெரியவர் என்று சொல்வதற்கு முன் அவர் எந்த இடத்தில் யாருக்கு என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். சிலை இருக்கிறது, தெருவுக்குப் பெயர் இருக்கிறது என்பது போதாது.

இனி மலைக்குப் போவோம். இரண்டாமவர் பெயரில் பெரிய தெரு ஒன்றும் இல்லை. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய பெயர். மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில்.

1912இல் லண்டனில் பிறந்தவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று போராடிய பெண்களில் அவருடைய தாயும் ஒருவர். தாயோடு அவுஸ்திரேலியாவுக்குப் போனார், சித்திரம் படித்தார், அங்கே இளம் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்தார். 1936 ஏப்ரலில் தேயிலைத் தொழில் பழகுவதற்காகக் கப்பலில் இலங்கைக்கு வந்தார். மடுல்கலையில் ரெலுகாஸ் தோட்டத்தில் சின்னத்துரை வேலை பழகினார். அப்போது வயது 23.

சின்னத்துரை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் ஒரு முறை இருந்தது. குதிரையில் வர வேண்டும், குரலை உயர்த்திப் பேச வேண்டும், லயத்துப் பக்கம் தேவையில்லாமல் போகக் கூடாது, தொழிலாளியோடு நின்று கதைக்கக் கூடாது. பிரேஸ்கேர்டில் லயத்தைப் பார்த்தார். பத்தடிக் காம்பராவில் குடும்பம் முழுதும் இருப்பதைப் பார்த்தார். பிள்ளைகளுக்குச் சரியான படிப்பு இல்லை, நோய்க்கு மருந்து இல்லை என்பதைப் பார்த்தார். தொழிலாளரோடு நின்று கதைத்தார். கொஞ்ச காலத்தில் வேலை போயிற்று. அவுஸ்திரேலியாவுக்குத் திரும்பிப் போ என்றார்கள். அவர் போகவில்லை. 1935 டிசம்பரில் தொடங்கப்பட்டிருந்த லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார்.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லாமல் தாண்ட முடியாது. ஒரு வெள்ளைக்காரர் வந்துதான் எங்களைத் தட்டி எழுப்பினார் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அவர் கப்பல் ஏறுவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே கோ. நடேசய்யர் தோட்டம் தோட்டமாகப் போயிருந்தார். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் குற்றம் என்று பிடிக்கும் காலம். புடவை வியாபாரி வேடத்தில் அவர் லயங்களுக்குள் போனார் என்று இன்றும் மலையில் சொல்வார்கள். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தார். 1931இல் நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கு ஒரு சங்கம் அமைத்தார். தோட்டத்துச் சனம் ஏற்கெனவே காது கொடுத்துக் கேட்கத் தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில்தான் பிரேஸ்கேர்டில் மேடை ஏறினார்.

1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் கூட்டம். ஏறத்தாழ 2,000 தோட்டத் தொழிலாளர் வந்திருந்தார்கள். இந்தியாவிலிருந்து கமலாதேவி சட்டோபாத்யாய அம்மையார் வந்து பேசினார். பிரேஸ்கேர்டிலும் பேசினார். தோட்டத்துக்குள் நடப்பதைத் தன் கண்ணால் கண்டவர் என்பதால் விபரமாகப் பேசினார். சட்டத்தைத் துரைமார் மீறினால் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்றார். ஒவ்வொரு வசனத்துக்கும் சனம் ‘சாமி, சாமி’ என்று சத்தம் போட்டதாகப் பொலிஸ் அறிக்கையே எழுதி வைத்திருக்கிறது.

துரைமாருக்குப் பயம் வந்துவிட்டது. நடேசய்யர் பேசினால் ‘வெளியாள் கிளப்பிவிடுகிறான்’ என்று சொல்லலாம். தங்கள் பங்களாவில் இருந்து தங்கள் மேசையில் சாப்பிட்ட ஒருவர் எதிரில் நின்று பேசினால் என்ன சொல்வது?

ஏப்ரல் 22ஆம் திகதி பிரேஸ்கேர்டில் கையில் ஒரு கட்டளை கொடுக்கப்பட்டது. 24ஆம் திகதி மாலை 6 மணிக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். 48 மணி நேரம். கையெழுத்து வைத்தவர் தேசாதிபதி சேர் ரெஜினால்ட் எட்வர்ட் ஸ்டப்ஸ்.

இந்த ஸ்டப்ஸ் யார் தெரியுமா? இங்கிலாந்தின் அரசியலமைப்பு வரலாற்றை எழுதிப் புகழ் பெற்ற பேராசான் வில்லியம் ஸ்டப்ஸின் மகன். ராஜாவும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்ற நிலை இங்கிலாந்தில் எப்படி வந்தது என்று தகப்பன் பெரிய பெரிய புத்தகமாக எழுதினார். மகன் ஹொங்கொங்கில் தேசாதிபதியாக இருந்தபோது 1922இல் கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய சங்கம் சட்டவிரோதம் என்று தடை செய்யப்பட்டது, நடந்து போன வேலைநிறுத்தக்காரர் மீது துப்பாக்கிச் சூடும் நடந்தது. கடைசியில் தொழிலாளருக்குச் சம்பளம் கூடியது, சங்கமும் திரும்பி வந்தது. அந்த ஸ்டப்ஸ்தான் இங்கே 24 வயது இளைஞர் ஒருவரைக் கப்பலில் ஏற்றிவிட நினைத்தார்.

கப்பல் போயிற்று, பிரேஸ்கேர்டில் அதில் இல்லை. தோழர்கள் அவரை ஒளித்து வைத்தார்கள். மே தினத்தில் கொழும்பில் ‘பிரேஸ்கேர்டில் வேண்டும், ஸ்டப்ஸை நாடு கடத்து’ என்று பதாகை தூக்கினார்கள். மே 5ஆம் திகதி அரசாங்க சபையில் என். எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் தேசாதிபதிக்கு எதிராகக் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். உரிய அமைச்சரைக் கேட்காமல் கட்டளை போட்டது பிழை என்பது குற்றச்சாட்டு. 34 வாக்கு ஆதரவு, 7 வாக்கு எதிர்ப்பு. அன்றைக்கே காலிமுகத்திடலில் 50,000 பேர் கூடினார்கள். தேடப்பட்டுக்கொண்டிருந்த பிரேஸ்கேர்டில் அந்த மேடையில் வந்து நின்றார்.

சில நாளில் அவரைப் பிடித்தார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் போயிற்று. நாட்டிலேயே பெயர் பெற்ற சிவில் சட்டத்தரணி எச். வி. பெரேரா ஒரு சதமும் வாங்காமல் வாதாடினார். மூன்று நீதியரசர்கள் கேட்டார்கள். தலைமை வகித்தவர் பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரஹாம்ஸ். இங்கிலாந்தில் பிறந்த யூதர், இளமையில் ஒலிம்பிக்கில் நீளம் பாய்ந்தவர். அவருடைய தம்பி ஹரோல்ட் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீற்றரில் தங்கம் எடுத்தவர். தேசாதிபதி பயன்படுத்தியது 1896ஆம் ஆண்டுக் கட்டளை ஒன்று. அது அவசர நிலைமைக்காகக் கொடுத்த அதிகாரம், சாதாரண காலத்தில் ஒருவர் மேடையில் பேசினார் என்பதற்காக அதை எடுத்துப் பாவிக்க முடியாது என்று மே 18ஆம் திகதி நீதிமன்றம் தீர்த்தது. பிரேஸ்கேர்டில் விடுதலையானார். அந்த வருடக் கடைசியில் தன் விருப்பத்தில் இங்கிலாந்து போனார். 1999இல் காலமானார்.

பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். கட்டளை போட்டவர் ஆங்கிலேயர். கட்டளைக்கு ஆளானவரும் ஆங்கிலேயர். கட்டளை செல்லாது என்று சொன்னவரும் ஆங்கிலேயர். வெள்ளைக்காரர் எல்லாரும் கெட்டவர் என்று சொன்னாலும் பிழை, எல்லாரும் நாகரிகம் கொண்டுவந்தவர்கள் என்று சொன்னாலும் பிழை. தமிழரிலும் சிங்களவரிலும் முஸ்லிம்களிலும் அப்படித்தான். தோட்டத்தில் சம்பளத்தில் பிடித்த கங்காணியும் எங்கள் ஆள்தான், வெள்ளைக்காரன் அல்ல.

இப்போது கதையின் மற்றப் பாதிக்கு வருவோம். இது கசப்பானது.

பிரேஸ்கேர்டில் வழக்கு வென்று மூன்று வருடம் ஆகவில்லை. 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது பொலிஸ் சுட்டது. கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். பேசிய வெள்ளைக்காரருக்கு நீதிமன்றம் கிடைத்தது. கேட்ட தொழிலாளிக்கு வெடி கிடைத்தது. மலையகத் தியாகிகள் வரிசையில் அவர் பெயரை முதலில் சொல்கிறோம்.

1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்குப் போட்டு இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து 7 பேரைப் பாராளுமன்றம் அனுப்பினார்கள். அடுத்த வருடமே, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நீ இங்கே பிறந்தால் போதாது, உன் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அதை நிரூபி என்றது சட்டம். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் அந்தக் காலத்தில் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எடுத்து வைத்தார்கள்? 1949இல் வாக்கும் போயிற்று.

ஒருவர் எதிர்த்து நின்றார். பெயர் கோடாக்கன் பிள்ளை. வாக்காளர் இடாப்பில் தன் பெயரைப் போடச் சொல்லி விண்ணப்பித்தார். பதிவு அதிகாரி மறுத்தார். திருத்தும் அதிகாரியாக இருந்த சிவஞானசுந்தரம் அவருக்குச் சார்பாகத் தீர்த்தார். ஓர் இனத்தாருக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் போடக் கூடாது என்று சோல்பரி அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு இருந்தது. அந்தப் பிரிவை எங்கள் காவல் என்று நம்பினோம். ஆனால் உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. கோடாக்கன் பிள்ளை விடவில்லை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1953இல் தீர்ப்பு வந்தது. யார் தன் பிரஜை என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டசபைக்கு உரிய வேலை, இந்தச் சட்டம் 29ஆம் பிரிவை மீறவில்லை என்று சொல்லி மனுவைத் தள்ளினார்கள்.

தீர்ப்பை வழங்கியவர் ஒக்ஸி பிரபு. அவருடைய முந்திய பெயர் ஜெப்ரி லோரன்ஸ். ஹிட்லருடைய ஆட்களை விசாரித்த நியூரம்பேர்க் நீதிமன்றத்தில் தலைமை தாங்கியவர். உலகமே மதித்த நீதிபதி. ஜெர்மனியில் யூதரின் பிரஜாவுரிமையைப் பறித்ததில் தொடங்கிய கொடுமை எங்கே போய் முடிந்தது என்று மாதக்கணக்காகச் சாட்சியம் கேட்டவர். எங்கள் வழக்கு அவருக்கு முன் வந்தபோது எங்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை. அவரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் எங்கள் தலைவிதியை அவருடைய பெருந்தன்மையிடம் ஒப்படைத்துவிட்டு இருக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறோம்.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பற்றிப் பேசினார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். பங்கு பிரிக்கப்பட்டவர்களில் ஒருவரையும் கேட்கவில்லை. தலைமன்னார்க் கப்பலில் ஏறிப் போனவர்களின் அழுகையை எங்கள் வீடுகளில் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அக்கா அங்கே, தங்கை இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் இந்த மண்டபத்திலும் இருக்கும்.

1937இல் ஒரு பிரேஸ்கேர்டிலை நாடு கடத்தாதே என்று 50,000 பேர் காலிமுகத்திடலில் நின்றார்கள். 1964இல் ஐந்தேகால் இலட்சம் பேரை அனுப்ப முடிவெடுத்தபோது அப்படி ஒரு கூட்டம் அங்கே நின்றதா? அவருக்காக மேடையில் ஏறிய தலைவர்கள் அத்தனை பேரும் எங்களுக்காக ஏறினார்களா? ஸ்டப்ஸை எதிர்த்த அதே மேடைகளிலிருந்து வந்த சிலர் பிறகு எங்கள் வாக்கைப் பறித்த அரசாங்கத்தில் இருந்தார்கள். பண்டாரநாயக்க அன்று காலிமுகத்திடலில் பேசியவர், 1948இல் அமைச்சர்.

இந்தக் கரையோர மக்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். வீட்டுத் திறப்பையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள். ‘நீ இந்த ஊர் ஆள் இல்லை, போ’ என்ற சொல் மலையில் தமிழனுக்குச் சொல்லப்பட்டது, வடக்கில் முஸ்லிமுக்குச் சொல்லப்பட்டது. சொன்னவர்கள் வேறு வேறு, சொல் ஒன்று. அதனால்தான் தோட்டத் தொழிலாளர் பிரச்சினை கல்முனைக்கு எதற்கு என்று யாராவது கேட்டால், அது எங்கள் பிரச்சினையும்தான் என்று சொல்கிறோம்.

சரி, இதிலிருந்து எடுத்துப் போக வேண்டியது என்ன?

ஒன்று, கடதாசி. பிரஜாவுரிமை கடதாசி இல்லாததால்தான் போயிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் பழக்கம் தீரவில்லை. பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, விவாகப் பதிவு, சம்பளச் சிட்டை, சேமலாப நிதிக் கூற்று எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டு வையுங்கள். மழை ஒழுகாத இடத்தில் வையுங்கள். கரும்பு வெட்டில் நாட்கூலிக்கு நிற்பவர்கள் எத்தனை நாள் நின்றோம் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள்.

இரண்டு, சட்டத்துக்குச் சந்தா. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தவுடன் கம்பனிகள் நீதிமன்றம் போனார்கள். அவர்களால் உடனே போக முடியும். எங்களுக்கு எச். வி. பெரேரா மாதிரி ஒருவர் ஒவ்வொரு முறையும் சும்மா வருவாரா? மாதச் சந்தாவில் ஒரு பங்கைச் சங்கம் வழக்குச் செலவுக்கென்று தனியாக வைக்க வேண்டும். கணக்கை இந்தச் சஞ்சிகையில் போட வேண்டும். கேட்பது உங்கள் உரிமை, காட்டுவது எங்கள் கடமை.

மூன்று, பக்கத்து ஆளுக்காக நிற்பது. நாவலப்பிட்டியில் பிரேஸ்கேர்டிலின் பேச்சைக் கேட்ட 2,000 பேரின் பெயர் ஒரு புத்தகத்திலும் இல்லை. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, துரைக்குத் தெரிந்தால் பத்துச்சீட்டு என்று தெரிந்தும் வந்தவர்கள் அவர்கள். அவர்கள் வராவிட்டால் ஸ்டப்ஸுக்குப் பயம் வந்திராது, கட்டளை வந்திராது, தீர்ப்பும் வந்திராது.

பிள்ளைகளே, பரீட்சையில் ஹென்றி வார்ட்டைப் பற்றிக் கேட்டால் குளத்தைப் பற்றி எழுதுங்கள், முழுப் புள்ளி எடுங்கள். அதே கொப்பியின் பின்பக்கத்தில் பிரேஸ்கேர்டில், கோவிந்தன், கோடாக்கன் பிள்ளை, நடேசய்யர், மீனாட்சி அம்மாள் என்ற பெயர்களையும் எழுதி வையுங்கள். உங்கள் பாட்டியிடமோ உம்மம்மாவிடமோ போய் இன்னும் பெயர்கள் கேட்டு, அதன் கீழே சேருங்கள்.